இடுப்பில் கட்டிய கயிறு

(தாமலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு அரைமணி முன்னதாகவே இம்மண்டபத்துக்கு வந்து நான் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். ஜமக்காளம் விரித்தாயிற்று, ஒவ்வொருவராக வரத் தொடங்கினீர்கள். மேடைக்கு நேர் எதிரே, மின்விசிறிக்குக் கீழே, நல்ல இடம் வெறுமையாய்க் கிடக்க, வந்தவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது எந்த இடத்தை என்று பார்த்தேன். தூண்களின் அடியை! தூண்கள் தீர்ந்ததும் சுவர் ஓரத்தை! முதுகுக்கு ஒரு சார்பு வேண்டும் என்ற விண்ணப்பத்தை வாய் திறந்து யாரும் சொல்லவில்லை. உடம்பு தானே சொல்லிற்று. இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இடுப்பு வலியும், அந்த இடுப்பிலிருந்து புறப்பட்டுக் கால்வரையில் மின்னலைப் போல் ஓடுகிற நரம்பு வலியும், அவற்றுக்குக் கையினாலே செய்கிற சிகிச்சையுமே என்பதைத் தூண்களுக்கு முன்கூட்டியே யாரோ அறிவித்துவிட்டார்கள் போலும்.

இந்த விஷயத்தைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டோ? இவ்வூரில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்குத் திருநாமம் தாமோதரன். தாமம் என்றால் கயிறு. உதரம் என்றால் வயிறு. வெண்ணெய் திருடிய பிள்ளையை உரலோடு சேர்த்து யசோதைப் பிராட்டி கட்டிப்போட, அந்தக் கயிற்றின் தழும்பை இடுப்பிலே தாங்கிய கோலத்துக்கு அந்தப் பெயர். இங்குள்ள சிவபெருமானோ வராகீசுவரர். பூமியையே பெயர்த்துத் தூக்கிய வராக மூர்த்தி பூசித்த ஈசன் என்பது தலபுராணம். இடுப்பிலே கயிறு பட்ட தெய்வம் ஒன்று. தாங்க முடியாத பாரத்தைத் தூக்கிய தெய்வத்தின் பூசையை ஏற்ற தெய்வம் ஒன்று. இவ்விருவருக்கும் நடுவே குடியிருக்கிற நமக்கு இடுப்பு வலி வராமல் வேறு என்ன வரும்?

பரிகாசம் இருக்கட்டும். வலி பரிகாசத்துக்குரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகத்திலே ஏறக்குறைய 62 கோடிப் பேர் இடுப்பு வலியால் வருந்தினார்கள் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். 2050-க்குள் அது 84 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆயினும் கோடிகளைச் சொன்னால் மனத்தில் ஒன்றும் நிற்பதில்லை. ஒரே ஒரு மனிதரைச் சொல்லுகிறேன்.

என் தந்தையார் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலே பட்டு நெய்தவர். வீட்டின் முன்கூடத்திலேயே குழித்தறி. தரையோடு தரையாக வெட்டிய பள்ளம், பள்ளத்தின் விளிம்பிலே ஒரு பலகை, பலகையின்மேல் அவர், பள்ளத்துக்குள்ளே அவருடைய கால்கள் இரண்டும் மாறி மாறி மிதியை அழுத்திக்கொண்டிருக்கும். வலக்கை நாடாவை எறியும். இடக்கை அச்சைப் பிடித்து இழுத்து ஊடையைத் தட்டும். சாய்வதற்குப் பின்னாலே ஒன்றும் கிடையாது. கண்ணோ மயிரிழையிலும் மெல்லிய பட்டிழையின்மேல். ஓர் இழை அறுந்தால், தலையும் தோளும் முதுகும் ஒன்றாய் வளைந்து பாவின்மேல் கவிழ்ந்து, அறுந்த நுனிகள் இரண்டையும் தேடிப் பிடித்து, முடிந்து, பிறகுதான் நிமிர வேண்டும். கோர்வைப் புடைவையென்றால் கரைக்கு வேறு நாடா, உடலுக்கு வேறு நாடா. பக்கத்திலே இன்னொரு கை வேண்டும். சிறு வயதில் அந்த இன்னொரு கையாக இருந்தவன் நான்.

அவர் நெய்வதைப் பார்த்தவர் பலர். அவர் எழுந்திருப்பதைப் பார்த்தவன் நான் ஒருவன். மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு உள்ளங்கைகளையும் பள்ளத்தின் விளிம்பிலே ஊன்றுவார். ஊன்றிக்கொண்டு சற்றுப் பொறுப்பார். பிறகு ஒரு காலை மேலே எடுத்து வைப்பார், மறுபடியும் பொறுப்பார். மற்றொரு கால். அப்புறம் முழங்காலின்மேல் கையை வைத்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுகிறவரைப்போல, கை மேல் கை மாற்றி நிமிர்வார். நிமிர்ந்த பிற்பாடும் முழுதும் நிமிர்ந்திருக்க மாட்டார். சிரமம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை. “இடுப்பு கொஞ்சம் பிடிச்சிருக்குடா” என்பார்; அவ்வளவுதான்.

அந்தப் பலகையின்மேல் இடுப்புக்கு என்ன நேர்ந்தது? அதை அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஸ்வீடன் தேசத்து எலும்பு வைத்தியர் ஆல்ஃப் நாக்கெம்சன் என்பவர், 1960-களிலே, மனமுவந்து முன்வந்தவர்களுடைய இடுப்பு வட்டிலே மெல்லிய ஊசியைச் செலுத்தி, உள்ளேயுள்ள அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போதுள்ள அழுத்தம் 100 என்றால், மல்லாந்து படுத்திருக்கும்போது 25. சார்பில்லாமல் உட்கார்ந்தால் 140. உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்தால் ஏறக்குறைய 185. பின்வந்தவர்கள் இந்தக் கணக்கைச் சிறிது திருத்தினார்கள்; எனினும் குனிந்து உட்கார்ந்தால் அழுத்தம் ஏறும் என்ற முடிவு அசையவில்லை. சார்பில்லாமல் உட்கார்ந்து முன்னால் குனிவது என்பதுதானே குழித்தறி? நாற்று நடுகிற பெண்களைக் கேளுங்கள். அவர்கள் உட்காராமலே குனிகிறார்கள். கணினியின் முன்னே உட்கார்ந்திருக்கிற உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். பள்ளம்தான் இல்லை, மற்றெல்லாம் தறிதான்.

இனி அந்த இடுப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதுகுத் தண்டிலே எலும்புகள் 33. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே ஒன்றாய் ஒட்டிப்போன 5. வாலின் அடையாளமாய் மிஞ்சிய 4. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போலே வட்டுகள் உண்டு. ஜவ்வு என்று நாம் சொல்லுவது அதனைத்தான். அந்த வட்டை நான் கொழுக்கட்டைக்கு ஒப்பிடுவேன். வெளியே கெட்டியான மாவு. உள்ளே இளகிய பூரணம். மாவிலே விரிசல் கண்டால் பூரணம் பிதுங்கும். பிதுங்கியது பக்கத்தில் போகிற நரம்பின் வேரைத் தொட்டுவிட்டால், வலி தொட்ட இடத்தில் தங்குவதில்லை. பிட்டத்திலே புறப்பட்டு, தொடையின் பின்புறமாய் இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றி, சில சமயம் கட்டைவிரல் நுனிமட்டும் சென்று சுரீரென்கிறது. நம் தேகத்தின் நரம்புகளிலெல்லாம் பருமனான நரம்பு அந்த வழியே போகிறது. ஆங்கில வைத்தியர்கள் இதைச் சயாட்டிகா என்பார்கள். ஆயுர்வேத சாஸ்திரத்திலே இதற்குக் கிருத்ரசி என்று பெயர். கிருத்ரம் என்பது கழுகு. வலி கொண்டவன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி, உடம்பை ஒருபுறம் சாய்த்து நடக்கிற நடை, தரையிலே இறங்கிய கழுகு தத்துவதைப் போலிருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அனுபவித்தவர்கள் அந்தக் கழுகு கொத்துவதையும் சேர்த்துச் சொல்லுவார்கள்.

‘ஜவ்வு விலகிவிட்டது’ என்கிறோமே, உண்மையில் வட்டு எங்கும் விலகிப் போவதில்லை. சட்டைப் பித்தான் காதிலிருந்து கழன்றதுபோல் கழன்று, பிறகு யாராவது பிடித்து மாட்டினால் மாட்டிக்கொள்ளும் பண்டமன்று அது. மேலும் கீழும் எலும்போடு இறுகப் பிணைந்து நிற்பது. இந்த ஒரு சங்கதியை மட்டும் இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் போதும். ஏனென்றால் விலகியது என்று நம்பினவன், தள்ளி வைக்க ஓர் ஆளைத் தேடுவான். அந்தத் தேட்டத்திலே எத்தனையோ பேர் பிழைப்பு நடக்கிறது.

வலிக்கும் வட்டுக்கும் உள்ள சம்பந்தம் மனிதனுக்கு விளங்க வெகு காலம் சென்றது. 1764-இல் நேப்பிள்ஸ் நகரத்து தொமேனிகோ கோட்டுன்யோ இது மூட்டு வலியன்று, நரம்பு வலி என்று எழுதினார். அந்த நரம்பை நெருக்குவது பிதுங்கிய வட்டு என்பதை 1934-இல்தான் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்ற இருவர் எடுத்துக்காட்டினார்கள். இடையிலே 170 ஆண்டுகள்! அத்தனை காலமும் வலித்த இடுப்புகள் சாஸ்திரத்துக்காகக் காத்திருந்தனவா? இல்லை. அவை கையைத் தேடிப் போயின.

கை! நோய்க்கு முதல் மருந்து கை. குழந்தை விழுந்தால் தாயின் கை போகிற இடம் அடிபட்ட இடம். ஒரு ஸ்பரிசத்திலே கோணல் நிமிர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை நம் புராணங்களிலேயே இருக்கிறது. மதுரா நகரத்து வீதியிலே கண்ணன் கூனியைக் கண்டு, அவளுடைய பாதத்தைத் தன் பாதத்தால் அழுத்திக்கொண்டு, மோவாயை இரண்டு விரலால் பற்றி மேலே தூக்கினான். கூன் நிமிர்ந்தது என்கிறது பாகவதம். நம் பாண்டிய நாட்டிலே, சம்பந்தப் பெருமானுடைய அருளால் கூன் பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் ஆனான். கூனியும் நிமிர்ந்தாள், பாண்டியனும் நிமிர்ந்தான். நம் ஊர்ச் சுளுக்குக்கு மட்டும் ஒரு வழி இராதா?

இருந்தது. சித்த வைத்தியத்திலே தொக்கணம் என்று ஒரு சிகிச்சை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதற்கு ஒன்பது வகை. கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள், சிலம்பம் கற்பித்த கையாலேயே அடிபட்டவனைத் தடவி எழுப்பினார்கள். திருத்தணியைத் தாண்டிப் போய்ப் புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். காலால் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று, அப்படிப் பிறந்த பாவத்துக்காக ஊரிலுள்ளோர் இடுப்பையெல்லாம் மிதிக்க நேர்ந்த ஒரு பையன் என்னோடு பள்ளியில் படித்தான். அவனுக்கு அதனால் ஏக கௌரவம். சில வீடுகளில் வடையும் கிடைக்கும்.

மேலை நாட்டிலும் இப்படியே. எலும்பு பிடிக்கிறவர்கள் அங்கும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அந்தக் கைத்தொழிலுக்கு ஒரு சித்தாந்தத்தையும் பெயரையும் கொடுத்தவர் டேனியல் டேவிட் பாமர் என்பவர். மளிகையும் மீனும் விற்றுப் பார்த்து, பிறகு காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த அவர், அமெரிக்காவில் அயோவா மாகாணத்து டேவன்போர்ட் நகரத்திலே, 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், தம் கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த ஹார்வி லில்லார்ட் என்பவருடைய முதுகைத் தடவிப் பார்த்தார். லில்லார்ட் பதினேழு ஆண்டுகளாகக் காது கேளாதவர். ஒருநாள் குனிந்திருந்தபோது முதுகில் ஏதோ ‘மளுக்’கென்றது, அன்று முதல் கேட்கவில்லை என்றார். பாமர் அவருடைய முதுகிலே புடைத்திருந்த ஓர் எலும்பை ஒரே தள்ளாகத் தள்ளினாராம், காது கேட்டதாம். அங்கே பிறந்தது கைரோபிராக்டிக். கிரேக்க மொழியிலே கையால் செய்வது என்று பொருள். 1897-இல் பள்ளிக்கூடமும் வைத்தார். 1906-இல் உரிமமின்றி வைத்தியம் பார்த்தார் என்ற குற்றத்துக்காகச் சிறைக்கும் போனார்.

அதோடு நின்றிருந்தால் நாம் அவரை ஒரு சாமர்த்தியசாலியான சுளுக்கு வைத்தியர் என்று போற்றலாம். அவர் நிற்கவில்லை. உலகத்து நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு இடம் பெயர்வதால் வருகிறது என்று முழங்கினார். இது அதீதம். காதுக்குச் செல்லும் நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. எதிர்த்த டாக்டர்களும் அதீதத்தில் குறைந்தவர்களல்லர். அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த வைத்தியர்களோடு பழகுவதே தகாது என்று தன் அங்கத்தினர்களை விலக்கி வைத்தது. 1976-இல் தொடுத்த வழக்கு 1987-இல் தீர்ப்பாகி, ஒரு தொழிலை ஒடுக்கச் சூழ்ந்தது தவறு என்று சங்கத்துக்கு எதிராக முடிந்தது. நீதிமன்றம் சொன்னது வியாபார நியாயத்தை. அவர்களுடைய சித்தாந்தம் மெய்யென்று அது சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை அந்த வைத்தியத்தின் அபிமானிகள் பல சமயம் மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கை என்னதான் செய்கிறது? நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமுமாகத் திருப்பி, கடைசியில் ஒரு சிறு வேகத்தோடு தள்ளும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது என்ன? எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தமென்று எல்லோரும் நினைக்கிறோம். அன்று! மூட்டுக்குள்ளே எண்ணெய் போன்ற ஒரு திரவம் இருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது அந்தத் திரவத்திலே ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடா தேசத்து ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஒருவருடைய விரலை இழுத்துச் சொடுக்கெடுத்து, எம்.ஆர்.ஐ. கருவியிலே படமாகவே அதைப் பிடித்தார்கள். சோம்பல் முறித்து நாம் விரலில் எடுக்கும் சொடுக்கும் காசு கொடுத்து இடுப்பில் எடுக்கும் சொடுக்கும் ஒரே ஜாதி.

சத்தம் வெறும் குமிழி என்றால் சிகிச்சையும் வெறும் குமிழியா? அப்படியும் சொல்வதற்கில்லை. இறுகிப்போன தசை அந்தத் தள்ளலிலே இளகுகிறது. அசைக்கப் பயந்த இடுப்பு, அசைந்தாலும் ஒன்றும் நேராது என்று கண்டுகொள்கிறது. வலியின் உக்கிரம் தணிகிறது. 2006-இல் ரோமாபுரியிலே, வட்டுப் பிதுங்கிப் புதிதாய் வலி கண்ட 102 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மெய்யான தள்ளலும் மற்றவருக்குத் தள்ளுவதுபோன்ற பாவனையும் செய்து பார்த்தார்கள். காலுக்கு இறங்கும் வலி அறவே நீங்கினவர்கள் மெய்யான சிகிச்சையில் நூற்றுக்கு 55, பாவனையில் 20. மெய்யும் பொய்யும் ஒன்றல்ல என்று தெரிகிறதல்லவா? ஆனால் பாவனைக்கும் நூற்றுக்கு இருபது பேர் தேறியதை மறந்துவிடாதீர்கள். காலம் என்ற வைத்தியன் கட்டணம் கேட்பதில்லை. பெரும்பாலோர்க்கு இந்த வலி சில வாரங்களிலோ மூன்று மாதத்துக்குள்ளோ தானே தணிகிறது, பிதுங்கிய பூரணமும் பலருக்குத் தானே வற்றிச் சுருங்குகிறது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், கையால் தள்ளும் சிகிச்சை தேகப்பயிற்சி முதலிய பிற நல்ல சிகிச்சைகளுக்குச் சமானம், அவற்றைவிட மேலானதன்று என்கிறார்கள். நானும் அதையே சொல்வேன். கை செய்வது ஓர் உபகாரம். கை கொடுப்பது அவகாசம். வலி தணிந்த அந்த நாலைந்து நாளிலே எழுந்து நடந்தவனுக்குக் கை பலித்தது. வலி போயிற்றென்று அதே பலகையில் அதே குனிவோடு போய் உட்கார்ந்தவன், அடுத்த மாதம் அதே கைக்கு மறுபடியும் பணம் கட்டுகிறான்.

இப்போது நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கும்போது, பள்ளிக்கூட நூலகத்துப் பழம் புத்தகக் கட்டு ஒன்றைக் குனிந்து தூக்கினேன். இடப்பிட்டத்திலே யாரோ ஆணி அறைந்தாற்போல் இருந்தது. ஒரு வாரத்தில் கழுகு கெண்டைக்காலுக்கு வந்துவிட்டது. நண்பர் ஒருவர் பட்டணத்தில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். ஊரும் பேரும் வேண்டாம். அங்கே என்னை ஒரு கேள்வி கேட்டார்கள்: எத்தனை தடவைக்குப் பணம் கட்டுகிறீர்கள், ஐந்துக்கா பத்துக்கா? அவ்வளவே. படுக்கச் சொன்னார்கள், திருப்பினார்கள், ‘டக்’கென்றது, எழுந்து நடந்தேன். ஆகா, மூன்று நாள் நான் நெடுமாறன்! நான்காம் நாள் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்து வாசற்படி ஏறும்போது, “ஒரு செருப்பு எங்கே?” என்று கேட்டாள் என் மனைவி. குனிந்து பார்த்தேன். இடக்காலில் செருப்பு இல்லை. எந்தத் தெருவில் கழன்று விழுந்ததோ, எனக்குத் தெரியவே தெரியாது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. செருப்பைப் பற்றிக்கொள்ள விரலுக்கு வலுவில்லை.

அந்தக் கைதான் இதைச் செய்தது என்று நான் சாதிக்க மாட்டேன். நோய் தன் போக்கில் முற்றியதாகவும் இருக்கலாம். பிற்பாடு எலும்பு டாக்டரிடம் போய், மருந்தும் பயிற்சியுமாக எட்டு மாதத்தில் கால் வலுவடைந்து தேறினேன். என் மனத்தாங்கல் அவர்கள் தள்ளியதன்மேல் அன்று, கேட்காமல் தள்ளியதன்மேல்.

ஏனென்றால் கேட்கிற கையை நான் சிறு வயதிலேயே பார்த்தவன். எங்கள் தெருக்கோடியில் சுளுக்கெடுக்கும் பாட்டியம்மாள் ஒருவர் இருந்தார். அரிச்சுவடி அறியாதவர். இடுப்பென்று யார் வந்தாலும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுமுன் திண்ணையில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பார். “கண்ணு, காலு மரமரங்குதா? ஒண்ணுக்கு தாராளமா எறங்குதா? ராவுல காயுதா?” என்பார். தவறான பதில் வந்துவிட்டால் கிண்ணத்தை அப்பால் தள்ளிவிடுவார். “இது என் கைக்கு அடங்கினது இல்லப்பா, பெரியாஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போய்விடுவார். அன்றைய வரும்படி போயிற்றே என்ற கவலை அந்த முகத்தில் இராது.

இன்றைக்குப் பெரிய வைத்திய நூல்கள் கேட்கச் சொல்லுகிற கேள்விகளும் இவையே. சிறுநீர் அடைத்துக்கொண்டதா? மலம் தானே கழிகிறதா? இரு தொடைகளின் நடுவே, சைக்கிள் இருக்கை படுகிற இடம், மரத்துப் போயிற்றா? அப்படியானால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகுத் தண்டின் அடியிலே குதிரைவால் போல் பிரிகிற நரம்புக் கற்றை நசுங்கினால் வரும் ஆபத்து அது. ஒருநாள் தாமதம் ஆயுள் முழுதும் வருத்தும். பாதம் தொங்குகிறதா? மாலையில் காய்ச்சல், உடம்பு இளைப்பு, படுத்தாலும் தணியாத இரவு வலி உண்டா? நம் நாட்டிலே அது முதுகெலும்பில் பற்றிய காசநோயாக இருக்கக்கூடும். அரித்துப்போன எலும்பை முறுக்கினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்று பல்லாண்டான தாய்மார்களுக்கு எலும்பு சுண்ணாம்பு குறைந்து உளுத்திருக்கக்கூடும்; அங்கும் வேகமான கை ஆகாது. கழுத்தைப் பற்றி ஒரே வார்த்தை: முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் வெடுக்கென்று ஒடித்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், கழுத்தெலும்பினூடே மூளைக்கு ஏறும் இரத்தக்குழாய் அதில் கிழிவதுண்டு.

அமெரிக்காவில் இந்த வைத்தியம் செய்ய நாலாண்டுக் கல்வியும் அரசாங்க உரிமமும் வேண்டும். நம் நாட்டிலோ கைரோபிராக்டிக்குக்கென்று சட்டத்தால் அமைந்த பதிவுக் கவுன்சில் கிடையாது. மெய்யாகவே வெளிநாட்டில் கற்று வந்தவரும், கைப்பேசியில் படம் பார்த்துக் கற்றவரும், ஒரே மாதிரிப் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. ஆகவே கேட்கும் கடமை உங்கள் தலையில் விழுகிறது. எங்கே படித்தீர்கள் ஐயா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் இடுப்பைக் கொடுக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பற்றியும் ஒன்று. இப்போதெல்லாம் கல்யாண வீட்டிலே இருவர் சந்தித்தால், “உங்களுக்கு எல்-4, எல்-5-ஆ? எனக்கு எல்-5, எஸ்-1” என்று முள்ளெலும்பு எண்களை ரேஷன் அட்டை எண்ணைப்போல் சொல்லிக்கொள்கிறார்கள். 1994-இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படம் பிடித்தார்கள். எல்லா வட்டும் பழுதில்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தாம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எங்கோ ஒரு வட்டுப் புடைத்திருந்தது. அவர்களுக்கு வலி இல்லை! தலை நரைப்பதுபோல வட்டும் நரைக்கிறது. நரைத்த தலைமயிரைப் படம் எடுத்து உறையில் போட்டு யாராவது வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போவார்களா? காய்ச்சலோ, கால் வலுவின்மையோ, நாள்பட்ட வலியோ இருந்து டாக்டர் கேட்டால் படம் எடுங்கள். வலி வந்த மறுநாளே பயத்தினால் எடுக்காதீர்கள்.

இறுதியாகத் தாமோதரனுடைய கயிற்றுக்கு வருகிறேன். வலி கண்டதும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? கடைக்குப் போய் ஒரு பெல்ட்டை வாங்கி இடுப்பிலே இறுக்கிக் கட்டிக்கொள்கிறோம். பிறகு கட்டிலில் கிடந்து, காலில் எடை தொங்கவிட்டு, இடுப்பை இழுத்துக்கொள்கிறோம். நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரிலே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெல்ட்டும் இழுவையும் வழக்கமாகக் கொடுக்கத் தகுந்தவையல்ல என்கிறது அது. தேகப்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மனத்தளர்ச்சிக்கு ஆறுதலான ஆலோசனை இவற்றோடு, கையால் முதுகைத் தள்ளுவதையும் பிடித்துவிடுவதையும் ஏற்கத்தக்க சிகிச்சைகளாக ஒப்புக்கொள்கிறது. பாட்டியம்மாளின் கைக்கு ஜெனீவாவிலே ஓர் இடம் கிடைத்துவிட்டது; கயிற்றுக்குத்தான் கிடைக்கவில்லை. கண்ணனே அந்தக் கயிற்றோடு சும்மா கிடக்கவில்லையே! உரலையும் இழுத்துக்கொண்டு முற்றம் முழுதும் தவழ்ந்து, இரண்டு மருத மரங்களுக்கு நடுவே புகுந்து போனானல்லவா?

பயிற்சி சொல்லிக்கொடுக்க யாரைத் தேடுவது என்பீர்கள். காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். நடக்க முடியாத முதியோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்க, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. தறிக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. முக்கால் மணிக்கு ஒருமுறை, இழை அறுந்தாலும் அறாவிட்டாலும், பள்ளத்தை விட்டு மேலே வாருங்கள். வந்து, இரு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் நாலு தடவை வளைந்து, வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பட்டு காத்திருக்கும். என் தந்தையாரிடம் இதைச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்தபோது பள்ளத்தை மண் போட்டு மூடியாயிற்று, அதன்மேல் அவருடைய படத்துக்கு விளக்கு எரிகிறது.

நான் பேசத் தொடங்கி முக்கால் மணி கடந்துவிட்டது. தூணோரத்தில் இருக்கிற பெரியவர் இதுவரை மூன்று முறை பக்கம் மாறி உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் நான் கவனித்தேன். அவரை முன்னிட்டுச் சொல்லுகிறேன்: எல்லோரும் எழுந்திருங்கள். அவசரமில்லை, தூணைப் பிடித்துக்கொண்டே எழுந்திருக்கலாம். சுண்டல் விநியோகம் அரைமணி கழித்துத்தான் என்று நிர்வாகிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஏரிக்கரை மட்டும் ஒரு நடை போய் வருவோம். முன்னால் போகிறவர்கள் போகலாம், நான் பின்னாலே வருகிறேன். என் இடக்கால் இன்னும் கொஞ்சம் நிதானம்தான்.